நாலு மணி நேரப் பொய்

செல்போன் அலறியது!

விராலிமலை பைபாஸ் ஓட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்து கொண்டிருந்த பிரவீன்குமார், கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான். வாட்ஸ்அப்பில் அக்கா அருணாவின் கணவன் ஆனந்தராஜ்!

"மாப்ள... மாமா போயிட்டாருய்யா! விடியக்காலம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து..."

"அப்பாவா...?"

"சிங்கப்பூர்லேர்ந்து திருச்சிக்கு ஃப்ளைட்டே நாலு மணி நேரம். டிக்கெட் போட்டு, ஆலங்குடி வந்து சேர ராத்திரி ஆயிரும். ரெண்டு மணிக்கு எடுத்துர்றோம். நீ வீடியோ கால்ல பாத்துக்க!"

லைன் கட்!

சிங்கப்பூராவது, மண்ணாவது! கம்பெனி மூடி, எட்டு மாதம் முன்பே ஊர் திரும்பியவன் அவன். வீட்டுக்குப் போக வெட்கம். அறுபது கிலோமீட்டரில் இருந்துகொண்டே, கடல் கடந்து இருப்பதாகக் கதை விட்டுக் கொண்டிருந்தான்.

இப்போது போனால் குட்டு உடையும். போகாவிட்டால்... அப்பாவுக்கு யார் கொள்ளி வைப்பது?

பைக்கை உதைத்தான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு அருகே நிறுத்தினான். இருட்டிய பிறகு போகலாமா...?

ச்சே! அப்படி நினைத்ததற்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஆலங்குடி வீட்டு வாசலில் அவனைக் கண்டதும் ஆனந்தராஜ் பேயறைந்தவன் போல் நின்றான்.

"நீ... எப்படி மாப்ள இவ்ளோ சீக்கிரம்?"

பிரவீன் தலைகுனிந்தான். "தம்பீ!" என்று அலறியபடி அருணா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

மகன் கையால் குளிப்பாட்டச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றினான். அப்பாவின் பின்மண்டையில் விரல் பட்டது. ஆழமாக ஒரு வெட்டு. பக்கத்திலேயே... இன்னொன்று!

ஒரு தடவை வழுக்கினால் இரண்டு காயமா?

போலீசுக்கு போன் போட்டான்.

இன்ஸ்பெக்டர் சொர்ணவல்லி ஜீப்பில் வந்து இறங்கினார். காயத்தைப் பார்த்தார். பிரவீனைப் பார்த்தார்.

"சிங்கப்பூர்ல இருந்தீங்களாமே... எந்த ஃப்ளைட்ல வந்தீங்க?"

ஊரே பார்த்தது.

"ஃப்ளைட்டாவது, ஒண்ணாவது! விராலிமலையில பரோட்டா போடுறவன் மேடம் இவன்! ராத்திரியே வந்து இவன்தான் அடிச்சிருக்கணும்!" கத்தினான் ஆனந்தராஜ்.

பிரவீனுக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"ஆமா மேடம்... எட்டு மாசமாப் பொய்தான் சொன்னேன். ராத்திரி முழுக்க ஓட்டல்லதான் இருந்தேன், முதலாளியக் கேளுங்க." சட்டென்று நிமிர்ந்தான். "ஆனா மச்சான்... நான் விராலிமலையில இருக்குறது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? காலையில போன்ல ஃப்ளைட் கணக்குச் சொன்னது நீங்கதானே?"

ஆனந்தராஜின் முகம் வெளுத்தது!

"கேக்குறாருல்ல... சொல்லுங்க சார்!" சொர்ணவல்லி நெருங்கினார்.

"நான்... இவன் வெக்கப்பட்டு ராத்திரி வரைக்கும் இங்கிட்டு எட்டிப் பாக்க மாட்டான், அதுக்குள்ள எரிச்சிரலாம்னு நெனச்சேன்!" உடைந்தான் ஆனந்தராஜ். "போன வாரம் மாமா விராலிமலையில இவனப் பாத்துட்டாரு. ரோட்டுக்கு அங்கிட்டு நின்னு பாத்துட்டு, புள்ள கூச்சப்படுவான்னு கூப்பிடாமலே வந்துட்டாரு. எங்களுக்குத் தர்றேன்னு சொன்ன தென்னந்தோப்ப அவனுக்கு எழுதப்போறேன்னாரு... ஆத்திரத்துல..."

"பாவி!" அருணா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிரவீன் அப்பாவின் காலடியில் சரிந்தான். தான் ஒளிந்தது போதாதென்று அப்பாவையும் அல்லவா ஒளிந்து நின்று பார்க்க வைத்துவிட்டான்! அவனுக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

கையில் விலங்கு ஏறியதும் ஆனந்தராஜ் கெஞ்சினான்.

"ஊரு முன்னாடி வேணாம் மேடம்... இருட்டினதும் கூட்டிட்டுப் போங்க!"

"ஸ்டேஷன் அஞ்சே நிமிஷம்தான் சார்! டிக்கெட்டும் ஃப்ரீ... ஜன்னலோர சீட்டு மட்டும் கிடைக்காது!"