ஜாய்சனுக்கு விட்ட இடம்

"ஏளா, அந்த ரேக்குல எனக்கும் ஒரு தட்டு ஒதுக்கி வையி. அப்பவாச்சும் என்னைத் திரும்பிப் பாப்ப."

"நீங்க என்ன ஆம்பிளிஃபயரா?"

"அதுவும் சூடாகும், நானும் சூடாவேன்."

சிரித்துக்கொண்டே ரீனா, ஒலிப்பதிவுக் கூடத்தில் கருவிகளை அடுக்கும் ரேக்கின் நடுவில் ஒரு தட்டைக் காலியாக விட்டுக் கறுப்புத் தகடால் மூடினாள். மறுவாரம் கடலில் சங்கு குளிக்கப் போன அவள் கணவன் ஜாய்சன் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்று விடிகாலையில் கட்டிலோரம் நின்று, அவள் பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு போனான். போக வேண்டாம் என்று கேட்க நினைத்து, கேட்காமலே விட்டாள்.

இன்று புதுக் கருவி வந்திருக்கிறது. நாளைக்குக் கோயில் பாடகர் குழு வருகிறது. ரேக்கில் அந்தக் காலித் தட்டைத் தவிர வேறு இடமில்லை.

"மனசு கேக்கலன்னா நான் மாட்டுதேன், அக்கா," என்றாள் கூட வேலை பார்க்கும் இசக்கிச்செல்வி.

"வேண்டாம். நீ போய்ச் சாப்பிட்டு வாளா."

கதவு மூடியதும் துறைமுக லாரிகளின் இரைச்சல் அறுந்துபோனது. உச்சிவெயிலின் அசதி கண்ணை அழுத்த, முழங்காலிட்டுத் திருகாணியைத் தொட்டாள். மேலும் கீழும் கருவிகள் கதகதவென்று சூடாக இருக்க, இந்தத் தகடு மட்டும் வியர்த்துச் சில்லிட்டிருந்தது, அதன் விளிம்பிலிருந்து சிப்பி அழுகும் வாடை மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. ஏ.சி. தண்ணீர் என்று நினைத்தாள். ஒரு சொட்டு உதட்டில் தெறித்தபோது உப்புக் கரித்தது.

தகட்டை எடுத்தாள். ஒயர் ஏதும் குறுக்கே கிடக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினாள். ரேக்கின் ஆழம் முழங்கை அளவுதான். பின்னால் சுவர்.

முழங்கை உள்ளே போனது. தோள் வரை போனது. சுவர் இல்லை.

தண்ணீர். ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், இருட்டுக்குள் நிமிர்ந்து நின்ற தண்ணீர்.

அதற்குள் ஒரு கை.

ஊறித் தோல் கழன்ற விரல்கள் அவள் விரல்களுக்குள் நுழைந்தன. கல்யாண மோதிரம் எலும்பில் தளர்ந்து உருண்டது. அவள் கன்னம் இரும்பில் அழுந்தியது. கத்தினாலும் அந்த அறையிலிருந்து எதுவும் வெளியே போகாது.

பிறகு அந்த விரல்கள் விடத் தொடங்கின. சுண்டுவிரல். மோதிரவிரல். அன்றைக்குப் போலவே.

கையை இழுத்துக்கொள்ளலாம். இசக்கிச்செல்வி வந்துவிடுவாள். நாளைக்குப் பாட்டு இருக்கிறது.

களைப்பாக இருந்தது. அவ்வளவு களைப்பு.

போகிற விரலை எட்டிப் பிடித்தாள்.

"இன்னைக்குப் போகாதீங்க."

ரேக்கில் மற்ற தட்டுகளின் திருகாணிகள், மேலிருந்து கீழாக, தாமாகவே சுழன்று கழலத் தொடங்கின, அவளுக்கும் இடம் விடுவதுபோல.