ஏழாம் பாத்தி

காலை ஆறு மணிக்கே கசடுப் பாத்தியில் இறங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் நான்கு பாத்தியாவது முடியும். முத்துராக்கு ரப்பர் பூட்ஸ் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். மேல்தோல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையைப் பிடுங்குவதுதான் அவளுக்கு வேலை.

தொழிற்சாலைக் குடியிருப்பில் பன்னிரண்டு லைன் வீடுகள். ஒவ்வொரு லைனின் கக்கூஸ் குழாயும் தனித்தனிப் பாத்திக்கு வரும். எதற்குத் தனித்தனி என்று கட்டும்போது யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்து கசடு காய்ந்ததும், மனிதர் வயிற்றைக் கடந்து வந்த விதைகள் முளைக்கும். கொய்யா, மிளகாய், தர்பூசணி. அவற்றைப் பிடுங்கிக் குப்பையில் எறியலாம். ஒன்றை மட்டும் எறியக் கூடாது. அதை மஞ்சள் பையில் போட்டு, பாத்தி எண் எழுதி, மேற்பார்வையாளர் கையில் கொடுக்க வேண்டும்.

இரண்டு பாத்தி தள்ளி நின்ற காட்டுராசா திடீரென்று கத்தினார்.

"ஏத்தா முத்துராக்கு! இங்க வா. உங்க லைன்ல எவனோ ராசபோகமாத் தின்னுருக்கான்டி!"

அவர் நின்றது ஏழாம் பாத்தியில், அவள் குடியிருக்கும் ஏழாம் லைனின் பாத்தி. அவள் ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும். நடந்து போய்க் குனிந்து பார்த்தாள். கூட்டமாகப் பதினொரு முளை. தண்டில் சன்னமான ரோமம், இரண்டு நீள விதையிலை, நடுவில் பல் வைத்த முதல் இலை. கிள்ளி முகர வேண்டிய அவசியமே இல்லை. தக்காளி.

"பிடுங்கிப் போட்டுருவமா அண்ணே?" என்றாள் மெதுவாக.

"போடலாம்தான். நான் இம்புட்டுச் சத்தமாக் கத்தாம இருந்திருந்தா." காட்டுராசாவின் முகம் தொங்கிப்போயிற்று. மேற்பார்வையாளர் மோகன்தாஸ் பையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். "எனக்கு வாயில சனி, தாயி. பச்சையப் பாத்ததும் கத்திப்புட்டேன். பாத்து எத்தனை வருசமாச்சு."

மோகன்தாஸ் கெட்டவர் இல்லை. பதினொன்றையும் எண்ணிப் பையில் போட்டுவிட்டு, ஏறிட்டுப் பார்க்காமலே சொன்னார்: "மூணு மணிக்கு வாரியம் வருது. வீட்டுல இரு. உனக்கு அரை நாள் லீவு போட்டுக்கறேன்."

பதினாறு வருடங்களுக்கு முன் இலைக்கருகல் வந்தது. ஒரே பருவத்தில் நாட்டின் தக்காளி முழுவதும் காட்டில் நின்றபடியே கரிந்தது. அது உண்மை, முத்துராக்கே பார்த்தாள். அவள் அப்பன் நாலு ஏக்கருக்கும் தீ வைத்துவிட்டு டேங்கர் லாரியில் கிளீனராகப் போனார். அதற்குப் பிறகு வந்தது பயிர்க்காப்பு வாரியம். நோய் விதையில் தங்குகிறது என்றார்கள். கண்ணாடிக் கோபுரத்தில் விளையும் காய் மட்டும்தான் விற்கப்படும். அதை வெட்டினால் உள்ளே கொழகொழவென்று சதை மட்டும் இருக்கும், ஒரு விதை இருக்காது. சனங்கள் அதற்கு மலட்டுக்காய் என்று பெயர் வைத்தார்கள். கருகல் ஓய்ந்து பத்து வருடம் ஆகிவிட்டது. சட்டம் ஓயவில்லை. மிளகாய்க்கும் அடுத்த வருடம் வரப்போகிறது என்று பேச்சு.

விதையுள்ள தக்காளி வைத்திருப்பவருக்கு விலக்கு முகாமில் இரண்டு வருடம். வீட்டில் வேறு பெரியவர் இல்லையென்றால் பிள்ளை அரசு விடுதிக்குப் போகும். முத்துராக்குவின் புருஷன் செத்து ஐந்து வருடம் ஆகிறது. மகள் தர்ஷினிக்கு ஒன்பது வயது. விடுதிக்குப் போன பிள்ளைகள் யாரும் ஏழாம் லைனுக்குத் திரும்பி வந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

செடி குளியலறையில் இருந்தது. பழைய பெயிண்ட் வாளி, மேலே கசடு நிலையத்தில் ஒதுக்கிப்போட்ட ஊதா விளக்கு. போன வருடம் மூன்றாம் பாத்தியில் கிடைத்த ஒற்றை முளை அதன் தாய். பையில் போடாமல் சோற்றுத் தூக்கில் வைத்துக் கொண்டுவந்தாள். ஏன் என்று கேட்டால் அவளிடம் பெரிய பதில் கிடையாது. கை அப்படிச் செய்துவிட்டது. காய் சின்னது, வரி வரியாகப் புடைத்திருக்கும், நாக்கைச் சுண்டும் புளிப்பு.

விதை எடுப்பது அப்பன் செய்ய, அவள் பார்த்துப் பழகிய வேலை. பழுத்ததைப் பிழிந்து, சாறும் விதையுமாக மக்கில் மூன்று நாள் புளிக்க விடவேண்டும். மேலே வெள்ளையாக ஆடை கட்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு கரைந்தால்தான் முளைப்பு ஒழுங்காக வரும். பிறகு தண்ணீர் ஊற்றி அலசினால் பதர் மிதக்கும், மணியான விதை அடியில் தங்கும். அதைச் சாம்பலில் புரட்டிக் காயவைக்க வேண்டும். புளிக்கும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். ஏழாம் லைனில் அந்தக் கவலை இல்லை. கசடு நிலையத்துக் காற்றில் இதை யார் தனியாக முகரப் போகிறார்கள்?

செடியைத் துண்டு துண்டாக நறுக்கி அண்டாவில் போட்டு வேகவைத்தாள். காய்களைப் போட்டாள். மக்கில் புளித்துக்கொண்டிருந்ததை ஊற்றினாள். கடைசியாக மாடத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்தாள். ஒரு வருட விதை. சாக்கடையில் கொட்டினால் மறுபடி ஏழாம் பாத்தியில்தான் முளைக்கும். அது அவளைவிட யாருக்குத் தெரியும்? கொதிக்கிற தண்ணீருக்குள் தீப்பெட்டியைக் கவிழ்த்தாள். கால் மணி நேரம் கிண்டினாள்.

பின்கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா. ஆறு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, லைன் பூரா பேசிக்கிறாங்க. நம்ம பாத்தியிலயாமே?"

"வேகவச்சுத் தின்னுன்னு சொன்னேனா இல்லையாடி?"

ஜெசிந்தா தலையைக் குனிந்தாள். "ஒண்ணே ஒண்ணுக்கா. உப்பும் மிளகாப்பொடியும் தொட்டு. வாயெல்லாம் கசந்துகிட்டே இருந்துச்சு. சோறு போனாலே வாந்தி. அதைத் தின்ன அன்னிக்குத்தான் வயித்துல நின்னுச்சு."

செடி ஜெசிந்தாவுக்கும் பாதி சொந்தம். குளியலறைக்குள் காற்றும் கிடையாது, வண்டும் கிடையாது. பத்து மணிவாக்கில் பூக்கொத்தை விரலால் சுண்டிவிட்டால்தான் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். அந்த நேரத்தில் முத்துராக்கு பாத்தியில் இருப்பாள். தினமும் வந்து சுண்டியது, கவையில் முளைக்கும் பக்கக் கொழுந்தை ஒடித்தது, தண்ணீர் விட்டது எல்லாம் ஜெசிந்தாதான். பிரசவத்துக்குப் பிறகு ஒரு நாற்று அவள் வீட்டுக்கு என்று பேச்சு.

"வெதை?" என்றாள் ஜெசிந்தா. கண் உள்ளே அடுப்பைத் தேடியது.

"பத்திரமா இருக்கு. செடிதான் போச்சு. நீ போய்ப் படு, ஒண்ணுந் தெரியாத மாதிரி இரு."

உண்மையைச் சொன்னால் அங்கேயே உட்கார்ந்து அழுவாள், சத்தம் கேட்கும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள்.

மூன்று மணிக்கு வாரியத்தின் வேன் வந்தது. நாலு பேர், ஒரு பெண் அதிகாரி. மோப்பக் கருவியை வீடு வீடாக நுழைத்தார்கள். ஸ்னிஃபர் என்று அவர்கள் சொன்ன அது, ஏழாம் லைன் நாற்றத்தில் குழம்பி எல்லா வீட்டிலும் கத்தியது.

"ஆத்தாடி, எங்க வீட்டுக் கருவாட்டுச் சட்டியப் பாத்தும் கத்துதே! அதையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பெண் அதிகாரி சிரிக்கவில்லை. கருவியை அணைக்கச் சொல்லிவிட்டு, வேனிலிருந்து வெள்ளைப் பீங்கான் பேசினையும் ஒரு சோப்புக் கட்டியையும் எடுத்து வரச் சொன்னாள்.

"எல்லாரும் வரிசையா வந்து கை கழுவுங்க."

முத்துராக்குவுக்கு அப்போதுதான் உறைத்தது. தக்காளிச் செடியைத் தொட்ட கையில் கண்ணுக்குத் தெரியாத பிசின் ஒட்டும். சோப்புப் போட்டால் நுரை மஞ்சளும் பச்சையுமாக ஓடும். புளியை வைத்து அழுத்தித் தேய்த்தால் போய்விடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் சோற்றுத் தூக்கில் முளையைச் சுமந்து வந்த நாளிலிருந்து செடியைத் தொட்டுத் தொட்டு, அவள் கை அந்தக் கறையிலேயே ஊறியது. தன் கையில் எப்போதும் இருப்பது இன்னொருத்தி கையிலும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அண்டாவைக் கழுவினாள், வாளியைக் கழுவினாள், விளக்கை உடைத்தாள். ஜெசிந்தாவின் கையை மறந்துபோனாள்.

அவள் முறை வந்தது. நுரை பச்சையாக ஓடியது. அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"கசடுப் பாத்தியா?"

"ஆமாங்க மேடம். காலையில கூட ஏழாம் பாத்தியிலதான் நின்னேன்."

"சரி, போ."

பின்னால் ஜெசிந்தா. பேசினில் புதுத் தண்ணீர் ஊற்றினார்கள். திரும்பிப் போய் அவளை இழுத்துக்கொண்டு ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே ஓடுவது? ஜெசிந்தா சோப்பைத் தேய்த்தாள். வெள்ளைப் பீங்கானில் பச்சை இறங்கியது.

"நீயும் பாத்தியிலயா வேலை பாக்கற?"

ஜெசிந்தா கையை முந்தானையில் துடைத்தாள்.

"செடி யாரு வீட்டுல இருக்கு? நீயாச் சொன்னா ஒரு வருசம். நாங்களாக் கண்டுபிடிச்சா ரெண்டு."

ஜெசிந்தா நிமிர்ந்து முத்துராக்குவைப் பார்த்தாள். முத்துராக்குவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தர்ஷினியைப் பார்த்தாள். பிறகு மறுபடி முத்துராக்குவை. விதை இருக்கிறதல்லவா என்று கேட்கிற பார்வை. முத்துராக்கு மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாள்.

"எங்க வீட்டுலதான் இருந்துச்சு" என்றாள் ஜெசிந்தா. "காலையிலயே பிடுங்கித் தீயில போட்டுட்டேன்."

"வெதை?"

"இல்ல."

பிள்ளைத்தாச்சி என்பதால் கைவிலங்கு போடவில்லை. வேனில் ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் கூடப் போட்டுக் கொடுத்தார்கள். முத்துராக்கு தர்ஷினியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "வலிக்குதும்மா" என்று பிள்ளை சொன்ன பிறகுதான் விட்டாள்.

மூன்றாம் நாள் ஜெசிந்தாவின் புருஷன் சவரி வந்தான். கோபுரத்தில் கண்ணாடி துடைக்கிறவன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"வெதையக் குடுக்கா. நான் வளக்கறேன். கண்ணாடிக்கு வெளிப்பக்கம், எழுபதாவது மாடியில ஒரு பொந்து இருக்கு. எவனும் பாக்க மாட்டான்."

"இல்ல சவரி."

"என்ன இல்ல?"

"அவங்க வர்றதுக்கு முன்னாலயே வேகவச்சுட்டேன். எல்லாத்தையும்."

சவரி அணைந்திருந்த அடுப்பைப் பார்த்தான். "அப்ப அவ எதுக்குக்கா வாயை மூடிக்கிட்டுப் போனா?"

அவன் அடித்திருந்தால் முத்துராக்கு வாங்கிக்கொண்டிருப்பாள். அடிக்கவில்லை. வாசலுக்குப் போனவன் திரும்பி வந்தான்.

"முகாம்ல பிரசவக் கொட்டகைக்குள்ள ஆம்பளைய விடமாட்டாங்களாம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்க, பொம்பளை யாராவது அஞ்சு நிமிசம் பாக்கலாம். எங்களுக்கு வேற பொம்பளை ஆளு கிடையாது. நீதான் போகணும். போய் இதை நீயே அவகிட்டச் சொல்லு."

முகாம் ஐம்பது கிலோமீட்டர். தகரக் கொட்டகை, நடுவில் இரட்டைக் கம்பி வலை, பத்தடி தள்ளிக் காவல்காரி. ஜெசிந்தா இளைத்திருந்தாள். வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. சொல்ல வேண்டியது, வரும் வழி முழுக்க முத்துராக்கு மனதுக்குள் சொல்லிப் பார்த்த மூன்று வார்த்தைதான்: வெதை இல்ல, வேகவச்சுட்டேன்.

ஜெசிந்தா வலையில் முகத்தை ஒட்டினாள். "சோறு எறங்குதுக்கா இப்ப" என்றாள். "எப்படின்னு கேளு. ஒரு வருசம்னு நினைச்சா எறங்காது. அங்க ஒண்ணு வளருதுன்னு நினைச்சுக்குவேன், எறங்கிரும்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "முளைச்சிருச்சா?"

காவல்காரி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முளைச்சிருச்சு" என்றாள் முத்துராக்கு.

"எத்தனை?"

"மூணு. ஒண்ணு கொஞ்சம் சோப்பளாங்கி. ரெண்டு நல்லா இருக்கு."

ஜெசிந்தா சிரித்தாள். மணி அடித்தது.

திரும்பும் பேருந்தில் முத்துராக்குவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே பார்க்காமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாள் கணக்குப் போட்டாள். அடுத்த முறை போகும்போது நாலு இலை விட்டிருக்க வேண்டும். அதற்கடுத்த முறை முழங்கை உயரம். பிறகு பூ. விரலால் சுண்டினாயா என்று கேட்பாள், தினமும் சுண்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். சோப்பளாங்கியை எப்போது சாகவிடுவது என்று யோசித்தாள். எல்லாம் பிழைத்துவிட்டது என்றால் அவள் நம்பமாட்டாள், செடி வளர்த்தவள். பிரசவம் ஆகிற வாரத்தில் முதல் காய் சிவக்க வேண்டும்.