அச்ச அளவு: பூஜ்யம்

கீழ்வீட்டு வல்லி மகளைத் திட்டுவதைக் கேட்ட பிறகுதான் நான் காலைக் காபிக்கு அடுப்பைப் பற்ற வைப்பேன். "ஏய் எருமை, இன்னும் பல்லு தேய்க்கலியா? உன்னைப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லைப் பெத்திருந்தா சட்னியாவது அரைச்சிருக்கும்" என்பாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் நறுமுகை, சிரித்த முகத்தோடு, "சரிம்மா, தேங்க்ஸ்மா" என்பாள்.

கிண்டல் என்று நினைக்காதீர்கள். அவள் காதில் விழுந்தது வேறு. "கண்ணே, பல் தேய்க்க நேரமாச்சு, வாம்மா." அதே வல்லியின் குரல்தான், தேனில் ஊறவைத்தது. செவிமணியின் வேலை அது.

வீட்டு வைஃபையில் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனிக்க முதலில் ஒரு பெட்டிதான் வைத்தார்கள். வலைத்தாய் என்று பெயர். கண்டதையும் பார்த்தால் தடுக்கும், அவ்வளவுதான். பிறகு கதவும் மின்விசிறியும் பள்ளிக்கூடமும் வாத்தியாரும் இணையத்துக்குள் குடிபோய்விட்டதால், பிள்ளையின் இணையத்தைக் கவனிப்பது என்றால் பிள்ளையையே கவனிப்பது என்று ஆகிவிட்டது. இரண்டு காதிலும் கடுக்கன் மாதிரி மணி வந்தது. வெளியே எந்தச் சத்தம் எழுந்தாலும் வலைத்தாய் முதலில் கேட்டு, சலித்து, சப்பென்று ஆக்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும். பெற்றவள் இல்லாத நேரத்தில் அவள் குரலிலேயே தானாகவும் பேசும். மணியைக் கழற்றப் பெற்றவளின் கட்டைவிரல் ரேகை வேண்டும்.

அந்தப் பெட்டியில் 'அச்ச அளவு' என்று ஒரு கோடு உண்டு. மூன்றில் வையுங்கள் என்று விற்றவனே சொன்னான். எதிர்வீட்டுக்காரி இரண்டு வைத்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி ஒன்று வைத்தாள். அவளுக்கு நாம் இளைத்தவர்களா என்று வல்லி கடைசிவரை இழுத்துவிட்டாள். நம் ஊர்ப் பெற்றோர் பூஜ்யம் வாங்கப் போட்டி போட்ட பரீட்சை இது ஒன்றுதான்.

நான் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். இரண்டாம் மாடியில் தனிக்கட்டை. என் ரசத்துக்கு ஆசைப்பட்டு ஒரு திமிங்கலம் ஏடனிலிருந்து கொழும்பு வரை பின்னாலேயே நீந்தி வந்ததையும், கொத்தமல்லி போதவில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்பியதையும் குடியிருப்புப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

"நீங்க பேசி முடிச்சதும் 'இது கதை'ன்னு அம்மா சொல்றாங்க தாத்தா" என்றாள் நறுமுகை ஒருநாள்.

"உங்கம்மா வேலைக்கில்ல போயிருக்கா?"

"வலையம்மா சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

அந்த வருஷ மழையில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். வல்லி வேலை பார்த்த மருந்துக் கிடங்குக்கு விடவில்லை. மதியம் சோறு வடிக்கும்போது என் போன் அலறியது. ஏரி மதகுகளைத் திறந்துவிட்டார்களாம், தரைத்தளத்தில் யாரும் இருக்க வேண்டாமாம். மற்ற வீடுகளில் பெரியவர்கள் இருந்தார்கள், பிள்ளைகளை வாரிக்கொண்டு மாடியேறினார்கள். தனியாக இருந்தவள் நறுமுகை ஒருத்திதான்.

நான் இறங்கிப் போனபோது வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அவள் நினைத்து, வலைத்தாயும் சம்மதித்தால்தான் அது திறக்கும்.

"பாப்பா, ஏரித் தண்ணி வருது. மாடிக்கு வா."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எவ்ளோ பெரிய தண்ணி தாத்தா?"

"வீட்டை முழுங்குற தண்ணி."

தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது கதைன்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சு?"

ஆயுள் முழுக்கப் பொய் சொல்லி எங்கும் மாட்டாதவன், ஒரு உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

"அப்புறமா? அந்தத் திமிங்கலம் ரசம் வேணும்னு கேட்டு வந்து, நம்ம மொட்டைமாடித் தொட்டியில படுத்திருக்கு. பாக்கணுமா வேணாமா?"

இதுவும் கதைதான் என்று வலைத்தாய் சொல்லியிருக்கும். கதையில் ஆபத்து ஏது? கதவு திறந்தது.

மேலே போனதும் தொட்டியை எட்டிப் பார்த்து, "எங்க தாத்தா?" என்றாள். பதில் சொல்வதற்குள் அவள் தலை மறுபடி சாய்ந்தது.

"அம்மா கூப்பிடுறாங்க. படிக்க நேரமாச்சாம்."

"கீழ எட்டிப் பாரு. வீட்டுக்குள்ள தண்ணி."

பார்த்தாள். அவள் வீட்டு ஜன்னலில் பாதிதான் தெரிந்தது. "செடிக்குப் பாய்ச்சுறாங்களாம். பயமில்லையாம். வரச் சொல்றாங்க."

வெளியே போன பிள்ளையை வீட்டுக்குள் சேர்ப்பது அந்தப் பெட்டியின் வேலை. வீட்டுக்குள் வெள்ளம் என்பது அச்சச் செய்தி. அதைப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது. பெற்றவள் வைத்த அளவு அது.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பேய் தெரிந்தவர் குரலில் கூப்பிடும், ஆனால் மூன்றாம் முறை கூப்பிடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இதற்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. சலிக்காமல் கூப்பிட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகம் மலரும், கால் படிக்கட்டுப் பக்கம் ஓர் அடி நகரும், அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மழையில் கை வழுக்கியது. என் முட்டி அவளோடு ஓடித் தடுக்கும் முட்டி இல்லை. கப்பலில் புயல் பார்த்தவன் நான், அன்றைக்குத்தான் பயந்தேன்.

"விடுங்க தாத்தா. அம்மா பாவம், எவ்ளோ நேரமா கூப்பிடுறாங்க."

திடீரென்று நின்றாள். கீழே பெட்டி மூழ்கியிருக்க வேண்டும். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன தாத்தா இவ்ளோ சத்தம்?"

"மழை."

"மழை இப்படியா கத்தும்?"

இடி இடித்தது. பிள்ளை என் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பெல்லாம் உதறினாள். பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த பயம் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்தது.

இருட்டுவதற்குள் மீட்புப் படகு முதல்மாடி வராந்தாவில் வந்து முட்டியது. முன்னால் வல்லி. மழைக்கோட்டு, முகத்தில் அப்பிய முடி. அவள் எழுப்பியது குரலே இல்லை, கத்தியால் கிழித்த மாதிரி ஒரு ஓலம். "அடியே நறுமுகை! பாவி மகளே, எங்கடி போய்த் தொலைஞ்சே, என் உசிரே போச்சேடி!"

படியிறங்கி வந்த பிள்ளை எனக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"யாரு தாத்தா அது?"

"உங்கம்மா."

"போங்க தாத்தா, கதை விடாதீங்க. பாக்க அம்மா மாதிரி இருக்கு. அம்மா இப்படிக் கத்த மாட்டாங்க. அம்மா கீழ வீட்டுல இருக்காங்க." கையை உதறிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கும் படியைப் பார்த்தாள்.

வல்லிக்கு அது கேட்டது. வாயில் இருந்த அழுகை அப்படியே நின்றது. முந்தானையைப் பந்தாகச் சுருட்டிக் கடித்து, இரண்டு மூச்சு இழுத்தாள். பிறகு வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டு, ஏற்ற இறக்கமே இல்லாமல், தேனாகச் சொன்னாள்:

"கண்ணே, வீட்டுக்குப் போக நேரமாச்சு, வாம்மா."

நறுமுகையின் முகம் மலர்ந்தது. "சரிம்மா, தேங்க்ஸ்மா" என்று நடந்து போய்ப் படகில் ஏறினாள்.

படகு திரும்பும்போது பிள்ளை அண்ணாந்து கேட்டது என் காதில் விழுந்தது.

"அம்மா, உன் வாய் ஏன் இப்படி ஆடுது?"

"குளிருதும்மா" என்றாள் வல்லி, அதே குரலில்.