இடது காதில் மட்டும்

திரையில் குரலின் அலைக்கோடு நின்றுவிட்டது. அவளுடைய இடது காதில் அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஈரத்துணியைத் தரையில் மெல்ல இழுப்பது போல ஒரு ‘ஸ்ஸ்’. சற்று ஓய்வு. மறுபடி ஒரு ‘ஸ்ஸ்’. ஹெட்போனைக் கழற்றினால் மற்றதையெல்லாம் மூழ்கடித்துக்கொண்டு மின்விசிறியின் கடகடப்பும் ஜன்னலுக்கு வெளியே கொட்டும் மழையும்தான் கேட்டன. மாட்டினால் மறுபடி அதே எழவு.

அக்கா அப்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“இன்னுமா அதோட மல்லுக்கட்டுற?”

“இன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்பலன்னா வேலை போச்சுக்கா. அப்புறம் சித்தப்பா கடை கல்லாவுலதான் உக்காரணும்.”

“உக்காந்தா கிரீடம் இறங்கிடுமா? சரி, வெளியில பூட்டிட்டுப் போறேன். அதைக் காதுல மாட்டிட்டா வீடே இடிஞ்சாலும் உனக்குத் தெரியாது.”

அது அவர்கள் வழக்கம். ஹெட்போனோடு இருப்பவளுக்கு மணி அடித்தாலும் கேட்காது, எவனாவது உள்ளே வந்தாலும் தெரியாது. அதனால் அக்கா வெளியே பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோவாள். இருந்த ஒரே சாவி அது.

ஒலிப்புத்தகம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, ஒரு பெரியவர் வாசித்த அத்தியாயத்தைக் கொடுத்து, இரைச்சலை நீக்கி அனுப்பச் சொல்லியிருந்தது. நன்றாக வந்தால் வேலை. எது பதிவின் இரைச்சல், எது தன் கருவியின் இரைச்சல் என்றே தெரியாமல் எதை நீக்குவது?

ஒலித்தொகுப்பு மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல் பார்த்தாள். வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஒலியை மெருகேற்றுவதாகச் சொல்லி இருப்பதையும் கெடுக்கும் வசதிகளையெல்லாம் நிறுத்தினாள். ஈக்வலைசரில் கீச்சொலிப் பட்டைகளை ஒவ்வொன்றாக இறக்க இறக்க, பெரியவரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கியது. அந்தச் சத்தம் மட்டும் தன்பாட்டுக்குத் தெளிவாக இருந்தது. அறையில் எங்கோ துணி ஊறிய வாடை வேறு. மழை நாள் என்றால் இந்த வீட்டில் இதே தொல்லை.

கடைசியாக ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினாள். கோளாறு ஹெட்போனில் இருந்தாலும் கம்ப்யூட்டரில் இருந்தாலும் சத்தம் இப்போது வலது காதுக்கு வந்தாக வேண்டும்.

வரவில்லை. இடது காதிலேயே இருந்தது.

தன் காதுதான் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டினாள். எதையும் தன் தலையில் போட்டுக்கொள்வது அவள் சுபாவம். ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டு, வகுப்பில் எல்லோரும் ஆம்ப்ளி என்று கூப்பிடும் உரத்த குரல்காரனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“கத்தாத. ஏற்கெனவே காது போச்சு.”

“உன் காதுக்கு ஒண்ணும் ஆகல, தாயே. நாய்ஸ் கேன்சல் பட்டன் இருக்குல்ல? அமுக்கு. ஃபேன், மழை எல்லாம் கப்சிப். ஆனா ஃபைல்ல இருக்கிற இரைச்சல் போகாது. ரூம்ல இருக்கிறதை மட்டும்தான் அது அடக்கும்.”

“அப்ப எனக்கு எதுக்கு அது?”

“அமுக்கித்தான் பாரேன். காசா பணமா?”

அமுக்கினாள். மின்விசிறி அடங்கியது. மழை அடங்கியது. அந்தச் சத்தமும் அடங்கியது.

“போயிடுச்சுடா!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். இத்தனை நேரம் எரிச்சலில் இறுகியிருந்த தோள்கள் தளர்ந்தன. பெரியவரின் குரல் கண்ணாடி போலக் கேட்டது. பட்டைகளைப் பழையபடி ஏற்றி, எச்சில் விழுங்கும் ஒலிகளைத் தேய்த்து, மூச்சுகளைத் தணித்து, வேலையை முடித்து அனுப்பியும் விட்டாள். நாற்காலியில் சாய்ந்தாள்.

அப்போதுதான் ஆம்ப்ளி சொன்னது உறைத்தது.

ரூமில் இருப்பதை மட்டும்தான்.

துணி ஊறிய அந்த வாடை இப்போது இன்னும் நெருக்கமாக, இடது பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் கட்டிலும் அலமாரியும். திரும்பிப் பார்க்கக் கழுத்து மறுத்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. கண்கள் திரையை விட்டு நகரவில்லை.

திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சைக் கோடு. வெளிச்சத்தத்தை அடக்குவதற்காக ஹெட்போனின் இடது பக்கத்தில் வைத்திருக்கும் மைக்கில் விழும் ஒலியின் அளவைக் காட்டும் கோடு. அது ஏறியது. இறங்கியது. சற்று ஓய்வு. மறுபடி ஏறியது.

என் மூச்சுதான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கோடு ஏறியது. இறங்கியது.

காதில் ஒன்றுமில்லை. துளிச் சத்தமில்லை. கோடு மட்டும் நீண்டது. பச்சை. மஞ்சள். சிவப்பு.

அவளுடைய இரண்டு கைகளும் விசைப்பலகை மேல் இருந்தன.

இடது காதின் மெத்தை, அலுங்காமல், மெல்ல, காதை விட்டு விலகியது.