யாரோ மூடிய குழிகள்

பிபா கால் வைக்காத வரிசையில் விதை மூடியிருந்தது.

அமெரிக்காவில், கரோலினாவின் அந்த ஆற்றோர நெல்வயலில் குதிகாலால் குழி போட்டு, களிமண் பூசிய விதைநெல்லை இட்டு, பாதத்தால் சேற்றைத் தள்ளி மூடிக்கொண்டே போகவேண்டும். ஏழு மாத வயிற்றோடு அவள் மட்டும் பின்தங்கிவிட்டாள். மற்ற பெண்கள் எப்போதோ கரையேறிவிட்டார்கள். வெயில் தாழ்ந்து, வாய்க்காலிலிருந்து அழுகிய கோரை நாற்றத்தோடு மூடுபனி வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏய் வயித்துக்காரி!" கரையிலிருந்து மிங்கோ கத்தினான். அவனும் துரையின் அடிமைதான். ஆனால் கையில் சாட்டையைக் கொடுத்துவிட்டார்களே, போதாதா! "இருட்டறதுக்குள்ள முடியலன்னா பள்ளம் தோண்டிருவேன். வயித்த அதுல வெச்சுக் குப்புறப் படுத்துக்க. எனக்கு முதுகு போதும்."

சொன்னால் செய்வான்.

சளக். சளக். பனிக்குள், பக்கத்து வரிசையில், ஒரு குதிகால் சேற்றில் இறங்கி ஏறியது. மிண்டா அக்காதான், வேறு யார் வருவார்கள்? முடித்தவள் முடியாதவளுக்குக் கைகொடுப்பது அங்கே வழக்கம். உதவி வாங்கிக்கொண்டவள் பதிலுக்கு என்ன செய்வாள் என்று வாய்விட்டு வாக்குக் கொடுத்துவிட வேண்டும். பிபாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"மகராசி, காப்பாத்துன! நாளைக்கு உனக்குப் பதிலா நான் நிக்கறேன்க்கா."

சளக். சளக்.

வேலை முடிந்ததும் மிங்கோ வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பரவால்லியே, ஒண்டியாவே முடிச்சுட்ட! அப்ப நாளையிலேருந்து வேலைய இன்னும் கூட்டியே தரலாம்."

"ஒண்டியா எங்க? மிண்டா அக்கா..."

"அவ மத்தியானமே காச்சல்ல குடிசைக்குப் போயிட்டா."

அவன் போய்விட்டான். பிபா பக்கத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பனிக்குள் முகம் எதுவும் தெரியவில்லை. காதோரம் குரல் மட்டும், சேற்று வாடையோடு.

"நாளைக்கு எதுக்குடி? உன்னால குனியவே முடியல."

ஹேகர். போன வருஷம் அந்தப் பள்ளத்தில் படுத்து அடி வாங்கியவள். பிள்ளை கலைந்து, வாய்க்கால் மதகில் விழுந்து செத்தவள்.

"உன்ன யாரு கேட்டா? வாக்குக் குடுத்துட்ட, உள்ள இருக்கறத அனுப்பு."

"ஐயோ, வேணாம்! என்ன எடுத்துக்க! என்ன!"

பிபா வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். உள்ளே ஒரு உதை. இன்னொன்று. அப்புறம் அசைவில்லை.

சளக்.

காலடிச் சேற்றில் ஒரு தடம். கட்டைவிரல் அகலமே உள்ள பிஞ்சுக் குதிகால். அதற்கு முன்னால் இன்னொன்று. யாரும் இல்லை. தடம் மட்டும், ஒவ்வொன்றாக, வாய்க்காலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.