ஆளில்லாக் கடற்கரை

கடைக்காரர் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று சோப்புக்கட்டி கனம், பின்னால் திரை உண்டு. மற்றது பஸ் பாஸ் கனம்தான், திரை கிடையாது. கோகிலவாணி யோசிக்கவே இல்லை. இரண்டாவதை எடுத்துக் கைப்பையில் போட்டுப் பார்த்தாள். பையில் ஏதாவது இருக்கிறதா என்றே தெரியவில்லை.

“இதுல எடுத்தத எப்படிங்க பாக்கறது?” என்றான் அவள் கணவன் யுவராஜ்.

“நேரா உங்க வீட்டுச் சுவர்த்திரைக்குப் போயிருமுங்க. ஊருக்கு வந்து நிதானமாப் பாத்துக்கலாம். எடுத்ததும் பாக்கணும்னு இப்ப யாருங்க அடம்புடிக்கறாங்க?”

இரண்டிலும் தூய்விழி இருந்தது. அது இல்லாத கேமராவை விற்பது ஏழு வருடங்களாகக் குற்றம். அயலார் முகக் காப்புச் சட்டம் வந்த புதிதில் மக்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். கூட்டமே இல்லாத குற்றாலம், வரிசையே இல்லாத கோயில் பிரகாரம் என்று படங்கள் வரத் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார்கள். வீட்டார் முகங்களை ‘நம்மவர்’ பட்டியலில் பதிந்துவிட்டால் போதும். மற்ற முகங்களை, ஆளோடு சேர்த்து, ஒளி உள்ளே நுழையும்போதே தூய்விழி துடைத்துவிட்டு, அந்த இடத்தில் மணலையோ வானத்தையோ வைத்து நிரப்பிவிடும்.

மூன்று பேரையும் கடையிலேயே பதிந்தார்கள். ஆறு வயது மகிழினி இரட்டைச் சடையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு இளித்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து முதலில் பழனி. போன வருடம் மகிழினி காய்ச்சலில் கிடந்தபோது கோகிலவாணி முடி காணிக்கை வேண்டியிருந்தாள். சடை இரண்டும் போய், மொட்டைத் தலையில் சந்தனம் ஏறியது. அழுது ஓய்ந்த பிள்ளையைச் சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்து அறுபது படம் எடுத்தாள். அத்தனை மெல்லிய கேமராவில் எடுக்க எடுக்க அலுக்கவில்லை.

மறுநாள் கன்னியாகுமரி. சூரிய உதயத்துக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். பச்சைப் புடவைக்காரி ஒருத்தி தோளில் இடித்துக்கொண்டே நின்றது எரிச்சலாக இருந்தாலும், படத்தில் அவள் வரப்போவதில்லை என்பதால் கோகிலவாணி பொறுத்துக்கொண்டாள். சூரியன் முழுசாக மேலே வந்ததும் கூட்டம் அவர்களைப் படகுத்துறைப் பக்கம் நெட்டித் தள்ளியது. கூட்டம் விலகியபோது மகிழினியைக் காணோம்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த அதிகாரி பெயர் ஜெபசிங். பதற்றப்படாத ஆள்.

“பயப்படாதீங்க. மேல காவல் பருந்து ட்ரோன் ஆறு பறக்கு. பிள்ளை படம் ஒண்ணு குடுத்தா போதும், அஞ்சு நிமிசத்துல கண்டுரும்.”

வீட்டுச் சுவர்த்திரையில் சேர்ந்திருந்த படங்களை அவர் அங்கேயே வரவழைத்தார். பஸ்ஸில் இரட்டைச் சடையோடு மகிழினி. அடுத்தது பழனி அடிவாரம். யுவராஜ் மட்டும் நின்றுகொண்டிருந்தான். அதற்கடுத்த படத்திலும் அவன் மட்டும். அறுபது படத்திலும் பிள்ளை இல்லை. அன்று காலை எடுத்த படத்தில் கோகிலவாணி குனிந்து இடது கையால் யாரையோ அணைத்திருந்தாள். அந்தக் கைக்குள் கடல் இருந்தது.

“ஏனுங்க, எம்புள்ள எங்கீங்க?” கோகிலவாணி அந்தக் கடலைத் தொட்டுக் காட்டினாள். “இங்கதான நின்னா?”

“மொட்டை போட்டீங்களா?” ஜெபசிங் முதல்முறையாக நாற்காலியில் நிமிர்ந்தார். “முடியோட சேத்துத்தான் அது முகத்தை அளந்து வச்சிருக்கும். மொட்டைத் தலையோட வந்தா அதுக்கு யாரோ பிள்ளை.”

“அழிச்சது உள்ள எங்கியாவது இருக்குமில்லீங்க? அதை எடுங்க,” என்றான் யுவராஜ்.

“எதையும் வச்சுக்கிடாது சார். அதனாலதான் இவ்வளவு மெலிசு.”

“அப்ப உங்க பருந்து?”

“அதுலயும் தூய்விழிதான். தேடச் சொன்ன முகத்தைத் தவிர வேற முகம் அதுக்குத் தெரியக்கூடாது. சட்டம். இப்ப சடை போட்ட பிள்ளையத் தேடுது.”

ஆறு பருந்துகளும் தலைக்குமேல் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. ஜெபசிங் இரண்டு காவலர்களை ஓடவிட்டார். அவரிடம் இருந்ததே இரண்டு பேர்தான். பிறகு ஒலிபெருக்கியில் கெஞ்சினார். காலையில் படம் எடுத்தவர்கள் அனைவரும் தயவுசெய்து அனுப்புங்கள். நல்ல ஜனங்கள், தயங்காமல் அனுப்பினார்கள். கால் மணி நேரத்தில் பதினெட்டாயிரம் படங்கள் திரையில் ஓடின. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குடும்பம், அதன் பின்னால் சூரியன், சுற்றிலும் ஒரு காலடிகூட இல்லாத மணல். பதினெட்டாயிரம் முறை காலியான அந்தக் கடற்கரையைப் பார்த்ததும் கோகிலவாணி எழுந்தாள். அவள் வெளியே ஓடினாள்.

படகு வரிசையில் பச்சைப் புடவை தெரிந்தது. அவள்தான். கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, மொட்டை போட்ட பொண்ணு, மஞ்சச் சட்டை. உங்க பக்கத்துலதாங்க்கா நின்னா. எந்தப் பக்கம் போனான்னு பாத்தீங்ளா?”

“எங்க பக்கத்துலயா?” அவள் நல்லவள்தான். உண்மையாகவே யோசித்தாள். யோசித்துவிட்டுக் கைப்பையிலிருந்து கேமராவை எடுத்தாள். அவளுடையது திரை வைத்தது. “இல்லியேம்மா, நாங்க மட்டுந்தானே நின்னுக்கிட்டிருந்தோம். இந்தா பாரு.”

திரையில் பச்சைப் புடவை, புருஷன், இரண்டு பிள்ளைகள். அவளுக்கு இடப்பக்கம் வெறும் மணல்.

“இங்கதாங்க்கா நாங்க நின்னோம்.” கோகிலவாணி அந்த மணல்மேல் விரலை வைத்தாள். “அரை மணி நேரம் உங்க தோள் என்மேல இடிச்சிட்டே இருந்துச்சு. என்னைத் தெரியலீங்களா?”

அவள் கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். முகத்தில் இரக்கம் வந்தது.

“பயத்துல உனக்கு இடம் கொழம்பிப்போச்சும்மா. யாராச்சும் இருந்திருந்தா எனக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டு, தன் பிள்ளைகளை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தாள். கோகிலவாணி அவளுக்கு அடுத்து நின்றவரிடம் போய்க் கேட்டாள். அவரும் பையிலிருந்து கேமராவை எடுத்தார்.