தாய்க்குரலி செய்த சத்தியம்

ஆபரேஷன் நடக்கும் அறைவரைக்கும் பெற்றவளை விட்டதெல்லாம் எந்தக் காலத்துக் கதை! இப்போது அம்மாவின் குரல் மட்டும் உள்ளே போகும். அம்மா கீழே கேன்டீனில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்கை முடித்துக்கொள்ளலாம். தாய்க்குரலி என்று அந்த இயந்திரத்துக்குப் பெயர். குழந்தையின் தலைமாட்டில் இருந்துகொண்டு பெற்றவளின் குரலிலேயே கொஞ்சும், சமாதானம் சொல்லும், அழுகையை அடக்கும். கோயம்புத்தூரில் அது இல்லாத ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனால் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ரித்திகாவும் தன் குரலைக் கொடுத்தாள். ஐந்து வயது மகள் ஆதிரைக்கு டான்சில் வீங்கி, தூக்கத்தில் மூச்சுத் திணறியது. எடுத்துவிட்டால் அக்கடா என்று தூங்குவாள் என்றார்கள். எடுத்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. குறட்டை போன இடம் தெரியவில்லை. தூக்கமும் அதன் கூடவே போய்விட்டதுதான் கொடுமை.

படுக்கவைத்தால் கண் சொருகும். "தூங்கு கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்" என்று ரித்திகா சொன்னால் போதும், தேள் கொட்டினாற்போல எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

"நெசமாலுமே நீதானா?"

"நான்தான் சாமி. வேற யாரு?"

"அன்னிக்கும் அப்படித்தான சொன்ன? கண்ணத் தொறந்து பாத்தா நீ இல்ல. வெள்ளையா ஒரு டப்பாதான் பேசிட்டு இருந்துச்சு. வலிக்காதுன்னு சத்தியம் பண்ணுன. எவ்வளவு வலிச்சுது தெரியுமா?"

ரித்திகாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தான் செய்யாத சத்தியத்தைத் தன் குரலில் செய்து, பெற்ற பிள்ளையிடமே தன்னைப் பொய்க்காரியாக்கிவிட்டார்கள். இப்படி நம்பவைத்துக் கழுத்தை அறுப்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஆதிரையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "தொண்டை சுத்தமா ஆறிடுச்சுங்க. குரல் சமாச்சாரமெல்லாம் மேல் மாடி" என்று கைகழுவிவிட்டார். மகளை நர்ஸிடம் விட்டுவிட்டு ரித்திகா மாடியேறினாள். அங்கே தாய்க்குரலிக்குப் பொறுப்பாளனாக ஜெயவர்மன் என்ற இளைஞன் இருந்தான்.

"யாரைக் கேட்டு என் கொரல்ல பொய் சொன்னீங்க? சத்தியம் பண்ணச் சொல்லி உங்ககிட்ட யாருங்க சொன்னது?"

அவன் பதறவில்லை. "மேடம், அதுக்குப் பொய்யும் தெரியாது, நெசமும் தெரியாதுங்க. ஆபரேஷனுக்கு முந்தி பாசிமணி மாதிரி ஒண்ணைக் கழுத்துல போட்டுக்கச் சொன்னோமில்லீங்களா? நீங்க வீட்ல பாப்பாகிட்டப் பேசுனதெல்லாம் அதுல பதிவாயிரும். எதைச் சொன்னா பாப்பாவோட படபடப்பு அடங்குதுன்னு கவனிச்சு, இங்க அதையே சொல்லும். சொந்தமா ஒரு வார்த்தை சேக்காது."

"நான் சொல்லவே இல்லைங்கறேன்!"

அவன் பதிவை ஓடவிட்டான்.

"ஊசியே போடமாட்டாங்க கண்ணு. கொஞ்சங்கூட வலிக்காது. அம்மா சத்தியமா."

அவள் குரல்தான். அவள் வீட்டுக் காற்றாடியின் சத்தம்கூடப் பின்னால் கேட்டது.

"நீ தூங்கு. நான் எங்கயும் போகமாட்டேன். பக்கத்துலயேதான் இருப்பேன். சத்தியமா." அதையடுத்து மெதுவாகக் கதவு சாத்தும் சத்தம். பிறகு அதே குரல், வேறொரு தோரணையில்: "சாரி, பாப்பாவைத் தூங்கவைக்க லேட்டாயிடுச்சு. மீட்டிங்கை ஆரம்பிக்கலாமா?"

"இதுக்குத்தாங்க பாப்பா சட்டுனு அடங்கியிருக்கு" என்றான் ஜெயவர்மன், மனதாரப் பாராட்டுகிறவனாக. "இப்படி வேலை செய்யற கொரல் கெடைக்கறதே அபூர்வம்ங்க."

சண்டைபோட வந்தவள் படியிறங்கி, நர்ஸிடமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டாள். கணவனுக்குக் கப்பலில் வேலை, மாலையானால் வெளிநாட்டு ஆபீஸ் அவளைக் கூப்பிடும். பிள்ளை தூங்கினால்தான் பிழைப்பு ஓடும். எல்லா அம்மாவும் சொல்கிறதுதானே என்று தினமும் அவள் சொன்ன பொய் அது. வீட்டில் ஆதிரை அதை நம்பித் தூங்கிப்போனாள். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். இயந்திரத்தைத் திட்ட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இனிமேல் மகளிடம் பொய்யே பேசுவதில்லை என்று வீடு திரும்பும்போதே முடிவுசெய்துகொண்டாள்.

அன்றைக்குப் படுக்கையில் ஆதிரை அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நான் தூங்குனதுக்கப்புறம் இங்கயே இருப்பியா?"

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரித்திகா விழுங்கிக்கொண்டாள்.

"இல்ல கண்ணு. நீ தூங்குனதும் ஹால்ல போய் வேலை பாப்பேன். கூப்பிட்டீன்னா வருவேன். இத்தனை நாளா அம்மா உங்கிட்டப் பொய் சொல்லிட்டு இருந்தேன்."

சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. ஆதிரை அவளையே உற்றுப் பார்த்தாள். பிடித்திருந்த விரலை மெல்ல விட்டாள். தலையணையை அணைத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தாள்.

"எங்கம்மா இப்படிச் சொல்லமாட்டாங்க" என்றாள். "எங்கம்மா இருப்பேன்னுதான் சொல்லுவாங்க."

பிறகு, ரித்திகாவைத் தாண்டி வாசற்கதவைப் பார்த்து வீறிட்டாள்.

"அம்மா! சீக்கிரம் வாம்மா! இங்க யாரோ உன்ன மாதிரியே இருக்காங்க!"